நாலு சுவரும் ஒரு ஸ்டூலும்

(பெங்களூரு பொம்மனஹள்ளியில் நடந்த ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

சிறிய கேலரிகளில் படம் வைக்கிற கலைஞர்களின் அனுபவத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். கூட்டம் பொம்மனஹள்ளியில் என்றதும் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டேன். இந்த நகரத்தில் ஓவியம் பற்றிய பேச்சென்றால் கப்பன் பார்க் ஓரத்திலோ குமாரகிருபா சாலையிலோ நடப்பதுதான் வழக்கம். சில்க் போர்டு சந்திப்பைத் தாண்டி அது வருவதில்லை. அந்த நெரிசலைத் தாண்டுவது யாருக்கும் சுலபமில்லை என்பது வேறு விஷயம். 2025 ஆகஸ்டில் மஞ்சள் தட மெட்ரோ ஓடத் தொடங்கிய பிறகு அந்தச் சாக்கும் போய்விட்டது.

பொம்மனஹள்ளியில் படம் மாட்டியிருக்கிற இடம் எது என்று தெருவில் யாரையாவது கேட்டுப் பாருங்கள். ஃபிரேம் கடையைக் கைகாட்டுவார்கள். அங்கே முருகன் இருப்பார், வேளாங்கண்ணி மாதா இருப்பார், அம்பேத்கர் இருப்பார், புனீத் ராஜ்குமார் கட்டாயம் இருப்பார். மாலை போட்ட ஒரு தாத்தாவின் கறுப்பு வெள்ளைப் படம் டெலிவரிக்குக் காத்திருக்கும். நான் கேலி செய்யவில்லை. இந்தியாவின் பேர்போன கேலரிகளில் ஒன்று ஃபிரேம் கடையில்தான் முளைத்தது. பம்பாயில் கெக்கூ காந்தி 1941இல் படச் சட்டம் தயாரிக்கிற தொழிலைத் தொடங்கினார். அன்றைக்கு இளம் ஓவியர்களின் படத்தைத் தொங்கவிட யாருக்கும் மனமில்லை. அவர் தன் கடையின் கண்ணாடி ஜன்னலில் வைத்தார். ஆரா, ஹுசைன், நம் கர்நாடகத்திலிருந்து போன ஹெப்பார் ஆகியோரின் படங்களெல்லாம் சட்டங்களோடு சட்டங்களாகத் தெருவைப் பார்த்து நின்றன. அதிலிருந்து வளர்ந்ததுதான் 1963இல் ஜஹாங்கீர் ஆர்ட் கேலரியின் மாடியில் அவர் திறந்த கேலரி கெமோல்ட். ஆரா சிறு வயதில் பம்பாய்க்கு வந்து வீட்டு வேலை பார்த்தவர், கார் கழுவியவர். அப்படிப்பட்ட ஒருவரின் படத்தை முதலில் எடுத்து மாட்டியவர்களில் ஒரு சட்டக் கடைக்காரரும் இருந்தார். டெல்லியில் தூமிமல் கேலரியின் கதையும் இதற்குப் பக்கத்துக் கதைதான். 1936இல் கன்னாட் பிளேஸில் தொடங்கிய அதுவும் காகிதம், அச்சு விற்ற கடையோடு பிறந்தது.

இன்னும் பின்னால் போகலாம். 1874 ஏப்ரலில் பாரிஸில் மோனே, ரெனுவா, டெகா, பிஸாரோ, செஸான், பெர்த் மோரிஸோ என்று முப்பது பேர் சேர்ந்து ஒரு கண்காட்சி வைத்தார்கள். அரசாங்க ஆதரவில் நடக்கும் சலோன் கண்காட்சியின் தேர்வுக் குழு முன்னால் போய் நிற்பதில்லை என்று முடிவெடுத்தவர்கள் அவர்கள். நாதார் என்ற புகைப்படக்காரர் காலி செய்திருந்த ஸ்டூடியோதான் இடம். ஒரு மாதம் நடந்தது. பார்க்க வந்தவர்கள் சுமார் 3,500 பேர். அதே பருவத்தில் சலோனுக்கு லட்சக்கணக்கில் போனார்கள். பத்திரிகைக்காரர் ஒருவர் மோனேயின் படத் தலைப்பை வைத்துக் கிண்டல் அடித்தார். அந்தக் கிண்டலே இன்று கலை வரலாற்றில் ஒரு சகாப்தத்தின் பெயர்.

இதுவரை எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். எனக்கு இதில் பிடித்தது கணக்குப் பகுதி. அவர்கள் அதைப் பங்குக் கூட்டுறவாக நடத்தினார்கள். ஆளுக்கு வருஷம் 60 ஃபிராங்க் சந்தா. நுழைவுக் கட்டணம் ஒரு ஃபிராங்க். டிசம்பரில் ரெனுவா தலைமையில் உட்கார்ந்து வரவு செலவு பார்த்தபோது ஆளுக்கு 184 ஃபிராங்க் சொச்சம் கடன் நின்றது. கூட்டுறவைக் கலைத்துவிட்டு எழுந்து போனார்கள். உலகத்திலேயே அதிகம் பேசப்பட்ட சிறிய கண்காட்சி நஷ்டத்தில் முடிந்து, அதை நடத்திய கூட்டுறவும் எட்டே மாதத்தில் இழுத்து மூடப்பட்டது. ஆகவே சிறிய கேலரி ஒன்று இரண்டு வருஷத்தில் மூடிவிட்டால், "பாவம், நிக்கல" என்று துக்கம் விசாரிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நின்றதா என்பது கடைக்குக் கேட்கிற கேள்வி. அது திறந்திருந்த நாட்களில் அங்கே யாருக்கு என்ன நடந்தது என்றுதான் நான் கேட்பேன்.

இன்றைக்கு அதைத்தான் சொல்ல வந்தேன். முதலில் பெங்களூரு.

இங்கே கலைக்கு இடமில்லை என்று யாரும் சொல்ல முடியாது. சித்ரகலா பரிஷத் 1960இலிருந்து இருக்கிறது. கஸ்தூர்பா சாலையில் வெங்கடப்பா கலைக்கூடம் இருக்கிறது. தேசிய நவீன ஓவியக் கூடம் 2009இல் பேலஸ் ரோட்டில் மாணிக்கவேலு மாளிகையில் வந்தது. பெயரைப் பார்த்தாலே தெரியும், அது சுரங்கத் தொழிலில் பணம் சேர்த்த மாணிக்கவேலு முதலியாரின் வீடு. நம் தமிழ் ஆட்களுக்கும் இந்த ஊர்க் கலைக்கும் இப்படியொரு தொடர்பு இருக்கிறது என்று சொல்லிக்கொள்ளலாம், அவர் வீட்டுக்குள் நம்மில் எத்தனை பேர் போயிருக்கிறோம் என்று கேட்காதவரை. 2004இலிருந்து ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குமாரகிருபா சாலையை அடைத்து சித்ரசந்தை நடக்கிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஓவியர்கள் நடைபாதையில் கடை விரிக்கிறார்கள். லட்சக்கணக்கில் ஜனம். கிருஷ்ணகிரியிலிருந்தும் சேலத்திலிருந்தும் விடியற்காலை பஸ் பிடித்துப் படக்கட்டோடு வருகிறவர்களை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

சித்ரசந்தையை நான் குறை சொல்ல மாட்டேன். ஒரே நாளில் பத்துப் படம் விற்று வீட்டு வாடகை பாக்கியைத் தீர்த்தவர்களை எனக்குத் தெரியும். ஆனால் சந்தையில் படத்துக்கு முன்னால் ஒருவர் சராசரியாக எவ்வளவு நேரம் நிற்பார்? பின்னாலிருந்து கூட்டம் தள்ளுகிற வரைக்கும்தான். சாயங்காலம் மிச்சத்தைச் சாக்கில் சுற்றிக்கொண்டு திரும்பும்போது, எது விலைபோனது என்று ஓவியருக்குத் தெரியும். எது நின்றது, எது விழுந்தது என்று தெரியாது.

வெங்கடப்பா கலைக்கூடத்தின் கதை வேறு. கே. வெங்கடப்பா 1886இல் பிறந்து 1965இல் மறைந்தவர். கல்கத்தாவில் அவனீந்திரநாத் தாகூரிடம் படித்தவர். ஊட்டி, கொடைக்கானல் மலைக்காட்சிகளை நீர்வண்ணத்தில் வரைந்தவர். அவர் பெயரால் எழுந்த அரசாங்கக் கட்டடத்தில், குறைந்த வாடகை கட்டினால் யார் வேண்டுமானாலும் படம் வைக்கலாம் என்ற ஏற்பாடு பல பத்தாண்டுகளாக இருந்தது. இந்த ஊரில் முதல் கண்காட்சியை அங்கே வைக்காத ஓவியரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு தனியார் அறக்கட்டளையிடம் அதை ஒப்படைக்க அரசு ஏற்பாடு செய்தபோது, 2016 தொடக்கத்தில் கலைஞர்கள் கைகோத்துத் தெருவில் நின்றார்கள். கடைசியில் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. வந்திருந்தால் ஏ.சி. வந்திருக்கும், நல்ல விளக்கு வந்திருக்கும், காபி ஷாப் கூட வந்திருக்கலாம். அவ்வளவையும் வேண்டாம் என்று சொல்லி ஒழுகுகிற ஒரு கூடத்துக்காக ஏன் நின்றார்கள் என்று அப்போது வெளியூர் நண்பர்கள் கேட்டார்கள். அங்கே படம் வைக்க யாருடைய ரசனைக்கும் பாஸாக வேண்டியதில்லை. பணம் கட்டி, தேதி வாங்கி, ஆணி அடிக்கலாம். புதிதாக வருகிறவனுக்கு அதைவிடப் பெரிய வசதி வேறில்லை.

ஆனாலும் அரசாங்கக் கூடத்தில் ஒன்று குறையும். உங்களை வரவேற்க அங்கே ஆள் கிடையாது. சாவி உண்டு, வாட்ச்மேன் உண்டு, வீட்டுக்காரர் இல்லை. சாந்திநகரில் சுரேஷ் ஜெயராம் 2003இல் தொடங்கிய ஒன் சாந்தி ரோடு அந்த இடத்தைத்தான் நிரப்பியது. அவர் ஓவியர், கலை வரலாற்றாளர், சித்ரகலா பரிஷத்தில் கற்பித்தவர். மீதா ஜெயின் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்த அந்த வீட்டில் அவர் குடியிருக்கிறார். அதே வீட்டில் ஒரு காட்சிக் கூடமும், வெளியூர்க் கலைஞர்கள் வந்து தங்கி வேலை செய்கிற அறைகளும் இருக்கின்றன. கூடம் பெரிதில்லை. ஆனால் உள்ளே நுழைகிறவர் முதலில் ஒரு வீட்டுக்குள் நுழைகிறார். அங்கே போய் வந்தவர்கள் கண்காட்சியைப் பற்றிச் சொல்லத் தொடங்கி, அந்த வீட்டுச் சமையலறையிலும் சாப்பாட்டு மேசையிலும் நடந்த பேச்சில்தான் கொண்டுபோய் முடிப்பார்கள்.

வெள்ளைச் சுவர், மௌனம், யாரும் யாரோடும் பேசாத ஒரு குளிர்ந்த பெட்டி என்பதுதான் உலகம் முழுக்க கேலரிக்கு வாய்த்த வடிவம். சின்ன இடங்கள் பல அதையே நகல் எடுக்கப் பார்த்து, பெரிய கேலரியின் செலவையும் தங்கள் சிறிய வரவையும் ஒன்றாகத் தூக்க முடியாமல் படுத்துவிடுகின்றன. டீ கொதிக்கிற இடங்கள் கொஞ்சம் அதிக நாள் தாக்குப்பிடிக்கின்றன. இது ஆராய்ச்சி முடிவில்லை, என் அபிப்பிராயம்.

இன்னொரு மாதிரியும் இந்த ஊரிலேயே நடந்தது. 2009இல் ஜே.சி. ரோட்டில் ஏ.டி.ஏ. ரங்கமந்திரக் கட்டடத்தில் அர்ச்சனா பிரசாத், சிவபிரசாத், சுரேஷ்குமார் என்ற மூன்று கலைஞர்கள் முன்கை எடுத்து 'சமூஹ' என்ற இடத்தைத் தொடங்கினார்கள். கலைஞர்கள் தாங்களே பணம் போட்டு வாடகையைப் பகிர்ந்துகொண்டார்கள், நாட்களையும் பங்கிட்டுக்கொண்டார்கள். உனக்கு இத்தனை நாள், அந்த நாட்களில் நீ என்ன வேண்டுமானாலும் செய்துகொள், யாரும் தடுக்க மாட்டார்கள். இன்ன காலத்துக்குத்தான் என்று முதலிலேயே வரையறுத்துக்கொண்டு தொடங்கினார்கள், முடிந்ததும் 2010இல் மூடினார்கள். மூடும் தேதியை நெஞ்சில் வைத்துக்கொண்டே திறந்த இடம் அது. எனக்கு அதன் மேல் பெரிய மரியாதை உண்டு. பாரிஸ்காரர்கள் கடன்பட்டுத் தெரிந்துகொண்டதை இவர்கள் கணக்குப் போட்டே தெரிந்துவைத்திருந்தார்கள்.

சரி, சின்னக் கூடத்தில் படம் வைக்கிறவருக்கு அப்படி என்ன நடக்கிறது?

முதலில் படம் சுருங்கிவிடும். உங்கள் வாடகை வீட்டில் கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே நின்று வரைந்த நாலடிப் படம், அங்கே சுவரையே விழுங்கியிருக்கும். அதே படத்தை வெறும் சுவரில் மாட்டி ஆறடி தள்ளி நின்று பாருங்கள். இதுவா என்று இருக்கும். வீட்டு டியூப் லைட்டில் கலந்த நீலம், கேலரியின் மஞ்சள் விளக்கில் சேற்றுப் பச்சையாகத் தெரியும். மூன்று வெவ்வேறு படம் என்று நினைத்தவை பக்கத்துப் பக்கத்தில் வந்ததும் ஒரே படத்தை மூன்று தடவை வரைந்திருப்பது அம்பலமாகும். வீட்டில் மூலையில் சாத்திவைத்திருந்த, கொண்டுவரலாமா வேண்டாமா என்று யோசித்து டாடா ஏஸில் கடைசியாக ஏற்றிய ஒரு சின்னப் படம், அறைக்குள் வந்ததும் மற்ற எல்லாவற்றையும் ஓரங்கட்டிவிடும். இந்தப் பாடத்தை எந்தக் கல்லூரியும் கற்றுத் தராது. பெரிய கேலரியும் தராது, ஏனென்றால் அங்கே மாட்டுவதற்கு ஆள் இருக்கிறார்கள். ஓவியர் ஓபனிங் அன்று நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்தால் போதும்.

சின்ன இடத்தில் ட்ரில் மெஷினைப் பிடிப்பது நீங்கள்தான். நூல் பிடித்து, ரசமட்டம் வைத்து, ஏணியில் ஏறி, "கொஞ்சம் இடது பக்கம், இல்லை இல்லை பழைய இடமே" என்று நண்பரைப் பாடாய்ப் படுத்தி மாட்டுவீர்கள். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 57 முதல் 60 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவாகச் சொல்கிற அளவு. நம் ஊர் ஆட்களுக்கு, முக்கியமாகப் பெண்களுக்கு, இன்னும் இரண்டு அங்குலம் இறக்கலாம் என்பது என் கட்சி. மாட்டி முடித்த ராத்திரிதான் கண்காட்சியின் உண்மையான திறப்பு விழா. அன்றைக்கு உங்கள் படத்தை நீங்கள் முதல் தடவையாக வேறொருவருடைய படம்போலப் பார்ப்பீர்கள். அடுத்த வருஷம் என்ன வரைய வேண்டும் என்பதும் பலருக்கு அன்றைக்குத்தான் பிடிபடுகிறது. என்ன வரையக் கூடாது என்பது அதற்கும் முன்னாலேயே பிடிபட்டுவிடும்.

அடுத்தது காவல். ஓபனிங் அன்று வந்த கூட்டம் மறுநாளிலிருந்து வராது. மூலையில் ஒரு ஸ்டூலைப் போட்டு நீங்களே உட்கார்ந்திருப்பீர்கள். காலையில் ஒருவர், மத்தியானம் யாருமில்லை, நாலு மணிக்கு மழைக்கு ஒதுங்கிய இருவர். கூரியர் பையன் கையெழுத்து வாங்க வந்து ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுப் போவான். "இங்க வாடகைக்கு வீடு இருக்குன்னாங்களே" என்று ஒருவர் தலையை நீட்டுவார். இந்த உட்காரல் பெரிய அவமானம் என்று நினைக்கிற ஓவியர்கள் உண்டு. சம்பளத்துக்கு ஆள் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். கண்காட்சியில் கிடைக்கிற ஒரே கல்வியை அவர்கள் சம்பளம் கொடுத்து இன்னொருவருக்குத் தாரை வார்க்கிறார்கள் என்பேன். வருகைப் பதிவேட்டில் "நைஸ்", "கீப் இட் அப்", "ஆல் தி பெஸ்ட்" என்று எழுதியிருப்பதை நம்பாதீர்கள். வந்தவரின் கால் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். எந்தப் படத்துக்கு முன்னால் வேகம் குறைகிறது, எதைத் திரும்பி வந்து பார்க்கிறார், எதன் முன்னால் போனை எடுக்கிறார், எடுத்துப் படத்தை மட்டும் பிடிக்கிறாரா, தன்னையும் சேர்த்துப் பிடிக்கிறாரா. பதிவேடு பொய் சொல்லும், கால் சொல்லாது.

வருகிறவர்கள் கேட்கிற கேள்விகளில் ஒன்றைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். "இதை வரைய எவ்வளவு நேரம் ஆச்சு?" இந்தக் கேள்விக்குக் கலைஞர்கள் மத்தியில் நல்ல பெயர் கிடையாது. கலை தெரியாதவர் கேட்கிற கேள்வி என்று நினைத்து, மணிக்கணக்கில் அளக்கிற சமாச்சாரமா இது என்று மனசுக்குள் சலித்துக்கொள்வார்கள். நான் முன்பு ஒரு குரூப் ஷோவில் படம் வைத்திருந்தபோது, ஓசூர் சாலைத் தொழிற்சாலை ஒன்றில் தையல் வேலை பார்க்கிற ஒரு பெண் இதையே கேட்டார். பதிலுக்காக நின்றார். மூன்று வாரம் என்றேன். "ஒரே பீஸுக்கா?" என்றார். அவர் வேலையில் மணிக்கு இத்தனை பீஸ் என்று கணக்கு. காலர் தைப்பவர் காலர் மட்டும், கைப்பட்டி தைப்பவர் கைப்பட்டி மட்டும். ஒரே ஆள், ஒரே பொருளை, தொடங்கி முடிக்கிறவரை தன் கையிலேயே வைத்துக்கொள்வது என்பது அவருக்குத் திகைப்பாக இருந்தது. அவர் கேட்டது படத்தின் விலையைப் பற்றியதல்ல, உழைப்பு யாருக்குச் சொந்தம் என்பதைப் பற்றியது. எந்த விமர்சகரும் என் படத்தைப் பற்றி இவ்வளவு கனமான ஒன்றைக் கேட்டதில்லை. கேட்டவர் இந்தப் பக்கத்து ஆள்.

மொழியைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். படத்துக்குப் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டுவார்கள், ஆர்டிஸ்ட் ஸ்டேட்மென்ட் என்று பெயர். அது இங்கிலீஷில் இருக்கும். கும்பகோணத்திலோ ராய்ச்சூரிலோ கலைக் கல்லூரியில் படித்துவிட்டு வந்த பையனுக்குக் கையில் வரி ஓடும், வாயில் அந்த மொழி ஓடாது. யாரையாவது பிடித்து எழுதி வாங்குவான். எழுதிக் கொடுப்பவர் நாலு கனமான சொற்களைப் போட்டுக் கொடுப்பார். ஓபனிங்கில் யாராவது வந்து அந்தத் தாளைப் படித்துவிட்டு அதிலிருந்து கேள்வி கேட்டால், வரைந்தவனுக்கே அது புரியாது. தன் படத்துக்கு முன்னால் தானே ஊமையாக நிற்கிற அந்தச் சங்கடத்தை அனுபவித்த பலர் பிறகு கேலரி பக்கமே வருவதில்லை. சின்ன இடம் நினைத்தால் இதை ஒரே நாளில் மாற்றலாம். தமிழில் எழுது, கன்னடத்தில் எழுது, எழுதாமலே விடு, வந்தவரோடு பேசு. எங்கே இதைச் செய்திருக்கிறார்களோ அங்கே அந்தப் பையன்கள் ஸ்டூலை விட்டு எழுந்து வந்து பேசுவதை நான் பார்த்திருக்கிறேன்.

பணத்துக்கு வருகிறேன், எல்லோரும் காத்திருப்பது இதற்குத்தான். பெரிய கேலரி உங்களை எடுத்துக்கொண்டால், விற்ற விலையில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை அவர்களுக்கு. அதற்கு ஈடாக வாங்குகிறவர்களைக் கொண்டுவருவார்கள். சின்னக் கேலரி உங்களிடம் அவ்வளவு கேட்காது, சிலர் எதுவுமே கேட்பதில்லை. ஆனால் வாங்குகிறவரும் வர மாட்டார். ஃபிரேம் செலவு உங்களுடையது, வண்டிச் செலவு உங்களுடையது, அழைப்பிதழ், சமோசா எல்லாம் உங்களுடையது. விற்றதற்கு அடையாளமாகப் படத்தின் பக்கத்தில் ஒரு சிவப்புப் பொட்டு விழுந்தால் அந்தச் செலவில் கொஞ்சம் திரும்பும். விழாவிட்டால் படங்களைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுபோய் எங்கே வைப்பது என்ற கேள்வி இருக்கிறது. ஒற்றை பெட்ரூம் வீட்டில் அது கலைப் பிரச்சினை இல்லை, குடும்பப் பிரச்சினை. இதையெல்லாம் மறைத்துவிட்டு, "உங்களுக்கு நல்ல எக்ஸ்போஷர் கிடைக்கும்" என்று இனிப்பாகப் பேசுகிற இடங்கள் சின்னக் கேலரிகளிலும் இருக்கின்றன. சின்னது என்பதாலேயே யாரும் புனிதராகிவிடுவதில்லை.

அப்படியானால் செலவை யார்தான் சுமக்கிறார்கள்? ஒன்று வீட்டுக்காரர் சுமக்கிறார், தன் கூடத்தை விட்டுக்கொடுத்து. அல்லது கலைஞர்கள் சுமக்கிறார்கள், சமூஹபோலப் பங்கு போட்டு. அல்லது வேறொரு தொழில் சுமக்கிறது, கெக்கூ காந்தியின் சட்டத் தொழில்போல. சென்னைக்குப் பக்கத்தில் ஈஞ்சம்பாக்கத்தில் 1966இல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் எழுந்த சோழமண்டலம் ஓவியர் கிராமம் இந்த மூன்றாவது வழிக்கு நம்மிடமுள்ள பெரிய உதாரணம். படம் விற்று யாரும் நிலம் வாங்கவில்லை. பாடிக் துணிகளும் கைவினைப் பொருட்களும் செய்து விற்ற பணம்தான் அவர்களைக் கடற்கரை மணலில் ஊன்றியது. பகலில் பாடிக், மிச்ச நேரத்தில் ஓவியம். அந்தத் தலைமுறையின் எஸ்.ஜி. வாசுதேவ் பிறகு பெங்களூருக்கு வந்து இந்த ஊர்க் கலைச் சூழலின் ஒரு தூணாகவே ஆனார். நம் பக்கத்துக் கலைஞர்கள் அந்த வழியைத் திரும்ப எடுத்துப் பார்க்கலாம். துணி சம்பந்தமான கைத்திறனுக்கு பொம்மனஹள்ளியில் பஞ்சமா?

தமிழ் வாசகர்களுக்கு இது ஒன்றும் புதிதல்ல. சி.சு. செல்லப்பா 1959இல் 'எழுத்து' சிற்றிதழைத் தொடங்கி 1970 வரை நடத்தினார். கைப்பணத்தை அதிலேயே கரைத்தார், புத்தகக் கட்டைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போனார். இந்த பெங்களூரிலிருந்தே தமிழவனும் நண்பர்களும் 'படிகள்' கொண்டுவந்தார்கள். சில நூறு பேர்தான் படித்தார்கள், ஆனால் அடுத்துப் பத்து வருஷம் எழுதப்போகிறவர்கள் அந்தச் சில நூறில் இருந்தார்கள். சின்னக் கேலரி ஓவியர்களின் சிற்றிதழ். அதைப் பார்க்க வருகிற இருபது பேரில் எட்டுப் பேர் ஓவியர்களாகவே இருப்பார்கள். "ஓவியர்களுக்காக ஓவியர்கள் நடத்திக்கொள்வதுதானே" என்று இதைக் குறையாகச் சொல்வார்கள். சக ஓவியர் ஒருவர் ஒரு படத்துக்கு முன்னால் நின்று, "இந்த மூலையை ஏன் இப்படி விட்டுட்டே?" என்று கேட்பது, வாங்க வந்தவர் விலை கேட்பதைவிட அரிதாகத்தான் நடக்கிறது.

ஆனால் சிற்றிதழுக்கு இருந்த நோய் இதற்கும் உண்டு. இருபது பேர் வட்டம் மெல்ல இறுகும். ஒருவர் படத்தை ஒருவர் புகழ்வார், வெளியாள் வந்தால் வாசலிலேயே கூச்சம் பிடிக்கும். இந்த நகரத்தில் சின்னக் கேலரிகள் பெரும்பாலும் மையத்திலும் தெற்கில் வசதியான பேட்டைகளிலுமாக இருப்பதால் அந்த நோய் இன்னும் சீக்கிரம் பிடிக்கிறது. அதனால்தான் இங்கே ஒன்று வேண்டும் என்று சொல்கிறேன்.

பொம்மனஹள்ளியில் யார் வருவார்கள் என்று உடனே கேட்பீர்கள். வருங்கால வைப்பு நிதி விதியை மத்திய அரசு மாற்றியதை எதிர்த்து, 2016 ஏப்ரலில் ஆயத்த ஆடைத் தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள், இதே ஓசூர் சாலையில் ஆயிரக்கணக்கில் இறங்கினார்கள். தலைவர் யாரும் கூட்டி வரவில்லை. இரண்டே நாளில் விதி திரும்பப் பெறப்பட்டது. தங்களுக்கு ஆகிற காரியம் என்று தெரிந்தால் இந்த ஊர் தானாக வரும். ஆகாதென்றால் வராது, அதுவும் நியாயம்தான். பார்க்கிற பழக்கமும் இங்கே நேற்று வந்ததில்லை. பக்கத்துப் பேகூரில் நாகேஸ்வரர் கோவிலில் சுமார் கி.பி. 890ஐச் சேர்ந்த கல்வெட்டு இருக்கிறதே, பெங்களூரு என்ற பெயரை முதலில் சொல்வதாகக் காட்டுகிறார்களே, அது நின்றுகொண்டு படிக்க வேண்டிய ஒரு வீரனின் சேதி. டிக்கெட் இல்லாமல் திறந்தவெளியில் வைத்த காட்சி.

என்னிடம் பெரிய திட்டம் எதுவும் இல்லை. ஷட்டர் போட்ட ஒரு கடை அளவு இடம் போதும். முழு வருஷ வாடகைக்குப் போகாமல், ஆறு மாதம் என்று தேதி குறித்துவிட்டுத் தொடங்கலாம். ஆறேழு பேர் பங்கு போட்டால் ஆளுக்கு மூன்று வாரத்துக்குக் குறையாமல் சுவர் கிடைக்கும். ஃபிரேம் போட வசதியில்லாதவர் கிளிப் போட்டு மாட்டட்டும், அதனால் படம் ஒன்றும் கெட்டுவிடாது. படத்தின் பக்கத்தில் தமிழிலும் கன்னடத்திலும் ஒட்டுங்கள், இந்த வட்டாரத்தில் ஒடியாவும் இந்தியும் பேசுகிற தொழிலாளர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கும் இரண்டு வரி. விலைச்சீட்டை மறைக்காதீர்கள். விலை கேட்கக் கூச்சப்பட்டு வெளியே நிற்கிறவர்தான் இங்கே அதிகம்.

நேரம்தான் முக்கியம். கேலரிகள் காலை பதினொன்றுக்குத் திறந்து சாயங்காலம் ஆறுக்கோ ஏழுக்கோ பூட்டுகின்றன, ஞாயிற்றுக்கிழமை பல இடங்களில் விடுமுறை. அந்த நேரத்தில் இந்த ஊர் தையல் மெஷினுக்கு முன்னாலும் கம்ப்யூட்டருக்கு முன்னாலும் உட்கார்ந்திருக்கிறது. ஷிஃப்ட் முடிந்து, காய்கறி வாங்கி, குழந்தையை ட்யூஷனிலிருந்து கூட்டி வருகிற நேரத்தில் திறந்திருக்க வேண்டும். பாரிஸில் அந்த 1874 கண்காட்சியை ராத்திரி எட்டிலிருந்து பத்து வரையும் திறந்துவைத்தார்கள், வேலைக்குப் போகிறவர்களும் வரட்டும் என்று. இங்கே ஏழிலிருந்து ஒன்பதரை என்று வைத்துக்கொள்ளலாம், ஞாயிறு முழுநாள். செருப்பை வெளியே விடச் சொல்லாதீர்கள், மார்க்கெட் பையோடு வருகிறவர் கழற்ற யோசிப்பார். உட்கார ஒன்றுக்கு நாலு ஸ்டூல் போடுங்கள்.

இடம் பார்க்கிற வேலையை யாராவது எடுத்துக்கொண்டால், முதல் மூன்று வாரத்துக்கு ட்ரில் மெஷினும் ஏணியும் என்னுடையது. மற்றதைக் கேள்வி நேரத்தில் பேசலாம்.